சிரிக்கும் விற்பனையாளரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் ஒரு பெட்டி. குட்டையான பருத்த உடம்பு. பல்வரிசை முழுக்கத் தெரியும்படி காதுவரை இழுத்த சிரிப்பு. எதிரில் இருப்பவர் அழுதாலும் கெஞ்சினாலும் அந்தச் சிரிப்பு மாறாது. பெயர் மொகுரோ ஃபுகுஸோ. வேலை முடிந்து தள்ளாடி வீடு திரும்பும் ஆள், மதுக்கடையில் தனியே உட்கார்ந்திருக்கும் ஆள், விடுமுறை நாளில்கூடப் போக்கிடம் இல்லாத ஆள் என்று தேர்ந்தெடுத்து நெருங்குவார், ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுவார். உங்கள் மனசில் இருக்கும் வெற்றிடங்களை நிரப்பித் தருகிறேன் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதற்குக் காசு எதுவும் வாங்க மாட்டார்.

‘தி லாஃபிங் சேல்ஸ்மேன்’ என்ற ஆங்கிலப் பெயரில் வெளிநாடுகளில் அறியப்படும் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர் இது. பெயரை மட்டும் கேள்விப்பட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திகில் அனிமே என்றதும் பேயையும் ரத்தத்தையும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இதில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. கொஞ்சம் ஓய்வு கேட்டவர்கள், ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கியவர்கள், ஒரு நாளாவது வேறு ஆளாக இருந்து பார்க்க ஆசைப்பட்டவர்கள். பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் நிறையப் பேர். அப்படி மட்டும் பார்த்தால் பத்துக் கதைகளில் சலித்துவிடும். தங்களுக்கு இயல்பாகவே கிடைத்திருக்க வேண்டிய ஒன்றை முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் வாங்க நேர்ந்தவர்களின் கதை என்று பார்த்தால், நூறு கதைகளுக்கும் தாங்கும். நான் இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்தப் பார்வையிலிருந்து வருவதுதான்.

முதல் படி: எதிலிருந்து தொடங்குவது

மொகுரோ முதலில் வந்தது மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில். 1968-ல் ‘பிக் காமிக்’ என்ற இதழில் ஒற்றைச் சிறுகதையாக வெளியானது. வயது வந்தவர்களுக்கென்று அந்த வருடம்தான் தொடங்கிய இதழ் அது. பிறகு 1969 முதல் 1971 வரை ‘மாங்கா சண்டே’ இதழில் தொடராக வந்தது. அப்போது அதன் பெயர் ‘கறுப்பு விற்பனையாளர்’.

1989 அக்டோபரில் டிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘கிம்மி எ பிரேக்’ என்ற செவ்வாய் இரவு நிகழ்ச்சிக்குள் ஒரு பகுதியாக அனிமே ஆரம்பித்தது. சிரிக்கும் விற்பனையாளர் என்ற பெயர் அப்போதுதான் வந்தது. 1992 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கதைகள் ஓடின, ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். கால் நூற்றாண்டு கழித்து, 2017 ஏப்ரல் முதல் ஜூன் வரை புதிய தொடர் ஒன்று 12 எபிசோட்களாக வந்தது. அதில் ஒரு எபிசோடுக்கு இரண்டு கதைகள். இரண்டு தொடர்களையும் தயாரித்தது ஷின்-எய் அனிமேஷன். டோரேமோன் தொடரை 1979 முதல் தயாரித்து வருவதும் இதே நிறுவனம்தான்.

என் மதிப்பில் 1989 தொடர்தான் மேலானது. படம் சிக்கனமாக இருக்கும், பின்னணி பாதி காலியாக இருக்கும், ஆனால் கதை ஒரு நொடியைக்கூட வீணாக்காது. கோஹெய் தனாகாவின் இசை வேறு, மொகுரோ தலைகாட்டுவதற்கு முன்பே ஆளை நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். இருந்தாலும் புதிதாக வருகிறவர் 2017 தொடரில் இரண்டு மூன்று கதைகளைப் பார்த்துவிட்டுப் பழையதற்குப் போவது நல்லது. புதியதில் செல்போன் இருக்கிறது, இணையம் இருக்கிறது, இன்றைய அலுவலகம் இருக்கிறது. கதை எப்படி நகரும் என்ற பிடி சீக்கிரம் கிடைத்துவிடும். 2017-ல் ஜப்பானில் ஒளிபரப்பானபோதே கிரஞ்சிரோல் என்ற இணைய ஒளிபரப்புத் தளம் இதை ஆங்கில சப்டைட்டிலோடு வெளியிட்டது. உரிமம் நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறக்கூடியது என்பதால், நீங்கள் இருக்கும் இடத்தில் இப்போது எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

வரிசையாகப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கதையும் தனி. ஒரு கதையில் அழிந்தவர் அடுத்த கதையில் வரமாட்டார்.

இரண்டாம் படி: ஒரு கதையின் நடையைப் பழகிக்கொள்வது

முதல் அரை நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். மொகுரோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். நான் சாதாரண விற்பனையாளர் இல்லை, நான் கையாளும் சரக்கு மனசு, மனிதர்களின் மனசு என்பார். இந்த உலகத்தில் ஆணும் பெண்ணும், கிழவரும் இளையவரும் எல்லோருமே மனசளவில் தனித்துப்போனவர்கள் என்பார். காசு வேண்டாம், வாடிக்கையாளர் திருப்தி அடைந்தால் அதுவே எனக்குக் கூலி என்பார். அந்தப் பேச்சில் பொய் எதுவும் இருக்காது. முழுக் கதையையும் பார்த்து முடித்த பிறகு இதை மறுபடி கேட்டுப் பாருங்கள், அவர் தன் வார்த்தையிலிருந்து எங்கேயும் விலகவில்லை என்பது புரியும்.

அடுத்து அந்தக் கதையின் வாடிக்கையாளர் வருவார். பெயர், வயது, வேலை மூன்றும் எழுத்தில் திரையில் வரும். பெரும்பாலும் நிறுவன ஊழியர். வயது இருபதுகளின் கடைசியில் தொடங்கி ஐம்பது வரை. இந்த மூன்று விவரத்தையும் கண்டிப்பாகப் படியுங்கள். அவர் எத்தனை வருடமாக ஒரே பாரத்தைச் சுமக்கிறார் என்று கதை தனியாக விளக்காது, வயதும் வேலையும் தெரிந்தால் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் மொகுரோ அவரை ‘மா நோ சு’ என்ற சின்ன மதுக்கடைக்குக் கூட்டிப் போவார். வாய் திறக்காமல் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரர் ஒருவர் அங்கே இருப்பார். வாடிக்கையாளர் மனசு விட்டுப் பேசுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் சொல்ல முடியாததை, அலுவலகத்தில் சொன்னால் வேலைக்கே ஆபத்தாகும் விஷயத்தை, அன்றைக்குத்தான் பார்த்த ஆளிடம் கொட்டிவிடுவார். மொகுரோ குறுக்கிடாமல் கேட்பார். இந்தத் தொடரில் என்னை மிகவும் உலுக்குவது இந்த இடம்தான். அந்த மனிதரின் கவலையை முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் அவரை அழிக்கப் போகிறவர்.

பிறகு உதவி வரும். ஒரு பொருளாக இருக்கலாம், ஓர் இடமாக இருக்கலாம், ஓர் ஆளின் அறிமுகமாக இருக்கலாம். கரும்பு தின்னக் கூலியா என்பதுபோல, மறுக்க ஒரு காரணமும் கிடைக்காது. பெரும்பாலான கதைகளில் கூடவே ஒரு நிபந்தனையும் வரும். ஒரு முறைதான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. அல்லது இதை யாரிடமும் சொல்லக் கூடாது. வாடிக்கையாளர் தலையாட்டுவார். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகப் போகும். முகத்தில் ரத்த ஓட்டம் வரும், நடை மாறும். அவர் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து நமக்கும் சந்தோஷமாக இருக்கும். அதன் பிறகு ஒரு நாள் வாக்கு மீறுவார்.

மொகுரோ திடீரென்று எதிரில் நிற்பார். ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே நீட்டி ‘டோஓஓன்!’ என்று கத்துவார். அவ்வளவுதான், அந்த மனிதரின் வாழ்க்கை அங்கேயே உடைந்துவிடும். என்ன ஆனார் என்பதைச் சில நொடிகளில் காட்டுவார்கள். மொகுரோ அவரைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லிவிட்டு, ‘ஓ ஹோ ஹோ ஹோ’ என்று சிரித்தபடி இருட்டில் நடந்து போவார்.

இந்த நடை ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்று நாலாவது கதையில் தோன்றும். தோன்றட்டும். முடிவு தெரிந்திருக்கும்போதுதான் அந்த மனிதர் இறங்கும் ஒவ்வொரு படியும் கண்ணில் படும், எந்தப் படியில் நின்றிருக்கலாம் என்று மனசு தேட ஆரம்பிக்கும்.

மூன்றாம் படி: எப்போது, எவ்வளவு பார்ப்பது

ஒரே மூச்சில் பத்துக் கதைகளைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒரு கதையாக, வேறு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் பத்து நிமிடம் வந்து போவதற்காகச் செய்தது 1989 தொடர். ஒரு நாளைக்கு இரண்டு கதைகள் போதும். அடுத்தடுத்துப் பார்த்தால் மனிதர்கள் முகம் இழந்து வெறும் பலியாட்களாகிவிடுவார்கள், விரல் நீட்டும் காட்சிக்காக மட்டும் காத்திருக்கத் தொடங்கிவிடுவோம்.

நள்ளிரவு ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு பார்ப்பதும் வேண்டாம். நீங்களே வேலையில் நசுங்கிக்கொண்டிருக்கும் காலமாக இருந்தால் பகலில், முடிந்தால் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். இதை அக்கறையோடுதான் சொல்கிறேன். திரையில் வரும் பெயரும் வயதும் வேலையும் உங்களுடையதுபோலவே இருக்கும் கதை ஒன்று கட்டாயம் வரும்.

ஜப்பானியக் குரலில், சப்டைட்டிலோடு பார்ப்பதே சரி. 1989-ல் மொகுரோவுக்குக் குரல் கொடுத்தவர் டோரு ஓஹிரா. 1950-களின் சூப்பர்மேன் தொலைக்காட்சித் தொடருக்கு ஜப்பானிய டப்பிங்கில் சூப்பர்மேனாகப் பேசியவர் அவர். அந்தக் கம்பீரமான குரலைத் தணித்து, குழைத்து, மரியாதை சொட்டச் சொட்டப் பேசுவார். உலகத்தில் உங்களுக்கு இவரைவிட நல்லவர் இல்லை என்று தோன்றும். 2016-ல் அவர் காலமானார். அடுத்த வருடம் வந்த தொடரில் மொகுரோவாகப் பேசியவர் டெஷ்ஷோ கெண்டா, அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் படங்களின் ஜப்பானிய டப்பிங்கால் அறியப்பட்டவர். அவரும் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் ஓஹிராவிடம் இருந்த அந்தக் குழைவை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

நான்காம் படி: மூன்று கேள்விகள்

ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். இவருக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது? அதைக் கொடுத்திருக்க வேண்டியவர் யார்? மொகுரோ போட்ட நிபந்தனை இவரால் காப்பாற்றக் கூடியதா?

1989 தொடரின் ஆரம்பக் கதைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம்பிக்கை தரும் முகம் கொண்ட ஒருவரைப் பற்றியது. பார்த்தவுடன் இவரை நம்பலாம் என்று சொல்ல வைக்கும் முகம் அவருக்கு. அதனால் சுற்றியிருக்கும் எல்லோரும் அவர்மேல் சாய்ந்துகொள்கிறார்கள். எந்தச் சிக்கல் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். உள்ளுக்குள் அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. தானும் யார்மேலாவது சாய்ந்துகொள்ள வேண்டும் என்று தவிக்கிறார். மொகுரோ அவருக்கு ஒரு பெண்ணை அறிமுகப்படுத்துகிறார். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை, பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த மூன்று கேள்விகள். அவருக்குத் தேவைப்பட்டது ரொம்பச் சின்ன விஷயம். என்னால் முடியவில்லை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லும் இடம். அதைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் அவரோடு தினமும் இருப்பவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அவர் முகத்தைத் தாண்டி உள்ளே பார்க்க நேரம் இருக்கவில்லை. மூன்றாவது கேள்விதான் கடினமானது. பல வருடமாகச் சாய ஓர் இடமே இல்லாமல் இருந்தவரிடம், இதோ சாய்ந்துகொள், ஆனால் அளவோடு என்று சொன்னால் அவரால் முடியுமா?

இந்தத் தொடரின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மொகுரோவின் நிபந்தனைகள் கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கும். ஒரு தடவை மட்டும், இவ்வளவு மட்டும், இத்தனை நாள் மட்டும். வயிறு நிறைந்தவருக்கு அது எளிதுதான். பட்டினி கிடந்தவர் முன்னால் இலையைப் போட்டு, ஒரு கவளத்தோடு எழுந்துவிடு என்றால் எப்படி இருக்கும்? ஓய்வு என்பதே இல்லாமல் வேலை பார்த்தவர்களுக்குப் போதும் என்று நிறுத்தத் தெரிவதில்லை. நிறுத்திப் பழக அவர்களை யாரும் விட்டதில்லை. மொகுரோவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் வசதியாக, நிறைவாக இருப்பவர்களைத் தேடிப் போவதில்லை.

எல்லாக் கதைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே பேராசை பிடித்தவர்கள். அவர்கள் விழும்போது நமக்கு வருத்தம் வராது. வேறு சில கதைகளில் கடைசியில் காட்டும் நிலை தண்டனையா விடுதலையா என்று சட்டென்று சொல்ல முடியாது. ஊர் பார்த்து ஐயோ என்று சொல்லும் நிலையில் அந்த ஆள் மட்டும் நிம்மதியாக இருப்பார். அப்படிப்பட்ட கதைகள் கிடைத்தால் அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள். தொடரில் மிகச் சிறந்தவை அவைதான்.

ஐந்தாம் படி: அந்த வருடங்களைத் தெரிந்துகொள்வது

மாங்காவிலும் இரண்டு அனிமே தொடர்களிலுமாக மொகுரோ மூன்று முறை வந்ததைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்று முறையும் ஜப்பானில் மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கை இறுகிய நேரம். இது தெரிந்தால் கதைகள் வேறு ஆழத்துக்குப் போகும்.

1968-ல் ஜப்பான் மேற்கு ஜெர்மனியைத் தாண்டி, முதலாளித்துவ நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த பொருளாதாரமாக ஆனது. அந்த வளர்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் கோட்டு போட்ட நிறுவன ஊழியர்கள். சேர்ந்த நிறுவனத்திலேயே ஓய்வு பெறுவது, மேலதிகாரி கிளம்பும்வரை கிளம்பாமல் இருப்பது, அதன் பிறகு அவரோடு குடிக்கப் போவது, கடைசி ரயிலில் வீடு. மாங்கா தொடர் தொடங்கிய 1969-ல்தான், ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் அனுப்புகைப் பிரிவில் வேலை பார்த்த 29 வயது இளைஞர் பக்கவாதத்தில் இறந்தார். அதிக வேலையால் ஏற்படும் மரணத்தை ஜப்பானில் ‘கரோஷி’ என்கிறார்கள். அப்படிப் பதிவான முதல் மரணமாக இன்றும் எடுத்துச் சொல்லப்படுவது அவருடையதுதான்.

1989 இன்னும் உச்சம். அந்த வருடத்தின் கடைசி வர்த்தக நாளில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915-ஐத் தொட்டது. மறுபடி அந்த உயரத்தைத் தாண்ட 2024 வரை ஆனது. ஊரெல்லாம் பணம். தொலைக்காட்சியில் ஒரு ஊக்க பானத்தின் விளம்பரம், 24 மணி நேரமும் உங்களால் போராட முடியுமா என்று கேட்டுப் பாடியது. அந்த வரி அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம், 1988-ல்தான், கரோஷியில் ஆளை இழந்த குடும்பங்களுக்காக வழக்கறிஞர்கள் சேர்ந்து தொலைபேசி உதவி எண் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். விளம்பரம் ஒருபக்கம், உதவி எண் ஒருபக்கம். நடுவில் செவ்வாய் இரவு மொகுரோ வந்து, உங்களுக்கு ஏதோ குறை இருக்கிறது போலிருக்கிறதே என்று கேட்டார். வேலை முடிந்து வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்த ஆளைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி.

2017-க்கும் இதேபோல ஒரு பின்னணி உண்டு. 2015 டிசம்பரில் ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அளவுக்கு மீறிய வேலைதான் காரணம் என்று 2016-ல் அரசு ஏற்றுக்கொண்டபோது நாடே கொந்தளித்தது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு திட்டம் 2017 பிப்ரவரியில் அறிமுகமானது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. புதிய தொடர் வந்தது அதே வருடம் ஏப்ரலில். ஓவர்டைமுக்குச் சட்டப்படி உச்சவரம்பு 2018-ல்தான் நிறைவேறி, பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பொதுவாக மாதத்துக்கு 45 மணி நேரம், நெருக்கடியான மாதத்தில்கூட 100 மணி நேரத்துக்குக் குறைவு. மாதம் 100 மணி நேரம், அல்லது சில மாதங்களுக்குச் சராசரியாக 80 மணி நேரம் ஓவர்டைம் என்பது கரோஷிக்கான அபாய எல்லையாக ஜப்பானில் ஏற்கெனவே கருதப்பட்டு வந்தது. சட்டம் அனுமதிக்கும் உச்சமும் உயிருக்கு ஆபத்து என்று வைத்திருந்த எல்லையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். மொகுரோ உலாவும் இடம் அதுதான்.

ஆறாம் படி: வரைந்தவரைத் தெரிந்துகொள்வது

ஃபுஜிகோ ஃபுஜியோ ஏ என்ற பெயரில் எழுதிய மோட்டோ அபிகோவின் படைப்பு இது. டோரேமோனைப் படைத்த ஹிரோஷி ஃபுஜிமோட்டோவும் இவரும் பள்ளித் தோழர்கள். ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில் பல வருடம் எழுதி, 1980-களின் கடைசியில் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த நிஞ்ஜா ஹட்டோரி அபிகோவுடையது. ஹட்டோரியின் வட்ட முகத்தையும் மொகுரோவின் முகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஒரே கை வரைந்த கோடு என்பது தெரியும். பிள்ளைகளைச் சிரிக்க வைத்த அதே கோடு இங்கே வேறு வேலை செய்கிறது. பயமுறுத்தும் ஓவியமாக இருந்தால் நாம் உஷாராகிவிடுவோம். உருண்டையான பொம்மை முகத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

அபிகோ 1934-ல் தொயாமா மாவட்டத்தின் ஹிமி ஊரில் ஒரு பௌத்தக் கோயில் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, குடும்பம் கோயிலை விட்டு வெளியேறியது. ஆசை எப்படி மனிதனைக் கட்டுகிறது என்ற பேச்சு அந்த வீட்டில் காதில் விழாமல் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். பள்ளி முடித்ததும் தொயாமாவில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அதனால் அலுவலக மேசையும் மேலதிகாரியும் அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. மதுக்கடைகளிலும் இரவு நேர டோக்கியோவிலும் நிறையப் பழகியவர் என்பதால் ‘மா நோ சு’ போன்ற இடத்தின் இருட்டும் அமைதியும் அவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது.

அவருடைய வாழ்க்கையில் இந்தத் தொடரோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 1954-ல் அபிகோவும் ஃபுஜிமோட்டோவும் டோக்கியோவுக்கு வந்தார்கள். வந்த வேலைகளை எல்லாம் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்கள். புதுமுகங்களால் எப்படி மறுக்க முடியும்? 1955 புத்தாண்டுக்கு ஊருக்குப் போனார்கள். போன இடத்தில் உடம்பும் மனசும் தளர்ந்து கை ஓடவில்லை. ஒப்புக்கொண்ட தொடர்களில் பெரும்பாலானவற்றைக் கெடுவுக்குள் முடிக்க முடியாமல் போனது. பத்திரிகைகளிலிருந்து தந்திமேல் தந்தி. அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் பெரிய வேலை எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருபது வயதைத் தாண்டியும் தாண்டாத இரண்டு இளைஞர்கள், முடியாது என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் சரி சொன்னவர்கள், ஊர் மண்ணை மிதித்ததும் ஓய்விலிருந்து எழ முடியாமல் போனவர்கள். மொகுரோவின் வாடிக்கையாளர்களை அபிகோ எட்ட நின்று பார்த்து எழுதவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2022 ஏப்ரலில், 88 வயதில் அவர் காலமானார்.

ஏழாம் படி: சில எச்சரிக்கைகள்

ஹட்டோரி போட்டவர்தானே என்று பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். குடி, சூதாட்டம், கள்ள உறவு, ஒருவரைப் பின்தொடர்வது எல்லாம் இதில் வரும். வாழ்க்கை அழிவதை ஒளிக்காமல் காட்டுவார்கள்.

பழைய தொடரில் பெண்களைக் காட்டும் விதம் பல இடங்களில் உறுத்தும். நச்சரிக்கும் மனைவி, மயக்கும் அந்நியப் பெண் என்று இரண்டே அச்சில் வார்த்த பாத்திரங்கள் நிறைய. நான்காம் படியில் சொன்ன கேள்விகளை அந்த மனைவிகளுக்கும் கேட்டுப் பாருங்கள். கணவன் நள்ளிரவில் வரும் வீட்டில் அவளுடைய வெற்றிடத்தை நிரப்பியவர் யார்? கதை அதைச் சொல்லாது, நாம்தான் யோசிக்க வேண்டும். பெண் வாடிக்கையாளர்களுக்கும் சரியான இடம் கொடுத்திருப்பது 2017 தொடரில் எனக்குப் பிடித்த விஷயம்.

எட்டாம் படி: அடுத்து என்ன

இருபது முப்பது கதைகள் பார்த்த பிறகு இதே திசையில் போக விரும்பினால் இரண்டு பெயர்கள் சொல்வேன். 2005-ல் தொடங்கிய ‘ஹெல் கேர்ள்’ முதலாவது. நள்ளிரவில் மட்டும் திறக்கும் ஓர் இணையதளத்தில், பழிவாங்க வேண்டியவர் பெயரை எழுதலாம். அவர் நரகத்துக்குப் போவார், எழுதியவரும் தான் செத்த பிறகு அங்கேதான் போக வேண்டும். விலை என்ன என்பது முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டுவிடும், தெரிந்தும் எழுதுவார்கள். மொகுரோவுக்குப் பிறகு இதைப் பார்த்தால் அந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். கதையின் அமைப்பு திரும்பத் திரும்ப ஒன்றேயாக இருப்பது இதில் கொஞ்சம் அதிகம் சலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 2007-ல் மேட்ஹவுஸ் தயாரித்த ‘கைஜி’. இதில் மாயம் எதுவும் கிடையாது. முன்பு கூட வேலை பார்த்தவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட ஓர் இளைஞன். மூன்று லட்சம் யென்னாக இருந்த கடன், வட்டியோடு 38 லட்சத்து 50 ஆயிரம் யென்னாகி அவன் வாசலுக்கு வருகிறது. வந்த ஆள் கடனைத் தீர்க்க ஒரு வழியும் சொல்கிறார், ஒரே ஒரு இரவுக் கப்பல் பயணம், அவ்வளவுதான் என்கிறார். மொகுரோவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ‘ஒரே ஒரு’ என்ற வார்த்தையிலேயே காது விடைத்துவிடும். இது பத்து நிமிடத்தில் முடியும் கதை இல்லை, ஒரு எபிசோட் அடுத்ததை இழுக்கும். மறுநாள் விடுமுறையாக இருக்கும்போது தொடங்குங்கள்.